அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கும்போது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேட்டிருப்பவர் 28 வயதுப் பெண். ஐந்து வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். மெசலமைன், அசாதயோபிரின் இரண்டும் சாப்பிடுகிறார். கடைசியாக மலத்தில் ரத்தம் போனது ஒன்றரை வருடத்துக்கு முன்பு, அப்போது ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். கல்யாணமாகி ஒரு வருடம். குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று பேச்செடுத்ததும் வீட்டில், "முதல்ல அந்த மாத்திரையெல்லாம் நிறுத்து, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளிலும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. கரு தங்குமா, மருந்தை நிறுத்த வேண்டுமா, குழந்தைக்கும் இந்த நோய் வருமா, தாய்ப்பால் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் நேரடியான பதில். உங்கள் நோய் இப்போது அடங்கியிருந்தால் மற்ற பெண்களுக்கு எவ்வளவு வாய்ப்போ உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு வாய்ப்பு உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த விஷயத்தில் வீட்டார் சொல்வதும் பெட்டித் தாள் சொல்வதும் உங்களைத் தவறான பக்கம் தள்ளுகின்றன. குழந்தைக்கு உண்மையான ஆபத்து குடல் அழற்சி கிளம்புவதில்தான் இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் இந்த இரண்டு மருந்துகளால் அந்த ஆபத்து வருவதில்லை. அழற்சியைக் கிளம்பாமல் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

இதே நிலையில் இருக்கும் வேறு பெண்களும் இதைப் படிப்பார்கள், குரோன்ஸ் நோய் உள்ளவர்கள், ஊசி மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சை ஆனவர்கள் எல்லோரும். அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் தாண்டியும் எழுதுகிறேன். ஒரு குழப்பத்தை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஐபிடி என்றால் குடலில் நிஜமாகவே புண்ணும் வீக்கமும் இருக்கும் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் குரோன்ஸும் அதில் அடங்கும். ஐபிஎஸ் என்பது வேறு. அதில் வயிறு படுத்தும், ஆனால் குடலில் புண் இருக்காது. ஐபிஎஸ் உள்ள தோழி, "நான் ஒரு மருந்தும் சாப்பிடாமலே பெத்துக்கிட்டேன்" என்று சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது.

கரு தங்குவதைப் பற்றி. ஐபிடி உள்ள பெண்களுக்குச் சராசரியாகக் குழந்தைகள் குறைவு என்று மேலைநாட்டு ஆய்வுகள் பல சொல்லியிருக்கின்றன. அதைப் படித்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் அந்தக் குறைவில் பெரும்பங்கு அவர்களாகவே வேண்டாம் என்று முடிவு செய்ததால் வந்தது. மருந்து குழந்தையைப் பாதிக்கும், நோய் குழந்தைக்கும் வரும், கர்ப்பத்தைத் தாங்க முடியாது என்ற பயங்களால் தள்ளிப் போட்டவர்கள் அவர்கள். நம் ஊரில் வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையை அவ்வளவு சுலபமாக யாரும் தருவதில்லை. அதே பயம் இங்கே வேறு வழியில் வெளிப்படுகிறது: மாத்திரை நிற்கிறது.

நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் கரு தங்கும் வாய்ப்பு நிஜமாகவே குறையும். எடை இறங்கும், ரத்தசோகை வரும், மாதவிடாய் தள்ளிப்போகும், உடலுறவு வலிக்கும், அதற்கு மனமே வராது. குரோன்ஸில் அழற்சி சில சமயம் பக்கத்தில் உள்ள கருக்குழாய்வரை பரவும். 30 வயதைத் தாண்டிய குரோன்ஸ் நோயாளிகளில் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு கொஞ்சம் குறைவாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே ஐபிடி உள்ளவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் கருத்தரிப்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வாய்ப்பை உண்மையிலேயே பெரிதாகக் குறைப்பது ஒரு குறிப்பிட்ட அறுவை சிகிச்சை. கொலைட்டிஸ் முற்றிப்போய் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலை மடித்துப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள். ஜே பவுச் என்பது இதுதான். இடுப்புக்குள் இவ்வளவு கத்தி வேலை நடந்தால் ஒட்டுத்தசைகள் உருவாகிக் கருக்குழாயைச் சுற்றிக்கொள்ளும். 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், மருந்தால் மட்டும் சமாளித்தவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கரு தங்குவதில் பிரச்சினை இருந்தது, பவுச் செய்தவர்களில் அது 48 சதவீதம். அவை பெரும்பாலும் வயிற்றைத் திறந்து செய்த காலத்துக் கணக்கு. சிறு துளை வழியாக, லேப்ராஸ்கோப்பியில் செய்தால் ஒட்டுதல் குறைவு, கருத்தரிப்பும் அதற்கேற்ப மேல். ஐவிஎஃப் இவர்களுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது, ஏனென்றால் அடைப்பு குழாயில்தான், முட்டையில் இல்லை. குடலை எடுத்தே ஆக வேண்டும் என்று 25 வயதுப் பெண்ணிடம் சொல்லும்போது, இப்போதைக்குப் பெருங்குடலை மட்டும் எடுத்து வயிற்றில் ஸ்டோமா (மலம் பைக்குள் வெளியேறும் திறப்பு) வைத்துக்கொண்டு, குழந்தை பெற்றபின் பவுச் செய்துகொள்ளலாம் என்ற வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். ஸ்டோமாவோடு கர்ப்பம் சாத்தியம்தான். வயிறு பெருக்கப் பெருக்க ஸ்டோமாவின் அளவு மாறும், அதற்கேற்பப் பையின் வளையத்தை வெட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் குரோன்ஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் குரோன்ஸும் ஸ்கோப்பியிலும் பயாப்ஸியிலும் பல சமயம் ஒன்றுபோலத் தெரியும். நிறையப் பேருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்து, சரியாகவில்லை என்றபிறகுதான் குரோன்ஸ் என்று முடிவு செய்கிறார்கள். கருக்குழாய் அடைப்புக்கும் காசநோய் இங்கே ஒரு முக்கியக் காரணம். ஆக, குடலில் காசநோயா குரோன்ஸா என்று இழுபறியாக இருந்த ஒருவருக்குக் கரு தங்கவில்லை என்றால், அந்தப் பழைய ஃபைலைக் கருத்தரிப்பு மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டு ஃபைலையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால்தான் பலருக்கு வருடங்கள் வீணாகின்றன.

இப்போது மாத்திரை. நான் பார்க்கும் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. கிட்டில் இரண்டு கோடு தெரிகிறது. அன்றைக்கே மாத்திரைகள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. ஆறேழு வாரம் ஒன்றுமில்லை, "பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டாவது வாரத்தில் மோஷன் நாலைந்து தடவை ஆகிறது, லேசாக ரத்தம். கர்ப்பத்தில் மூலம் வருவது சகஜம் என்பதால் மூலம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், களிம்பு தடவுகிறார்கள், சிலர் மூலத்துக்கு நாட்டு மருந்தும் ஆரம்பிக்கிறார்கள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டி வரும்போதுதான் சந்தேகம் வருகிறது. எங்களிடம் வந்து சேரும்போது ஹீமோகுளோபின் 7, எடை கூடவே இல்லை, ஸ்டீராய்டு தவிர வேறு வழி இல்லை. இரண்டு மாத்திரைக்குப் பயந்து நிறுத்தியவர் கடைசியில் அதைவிடக் கடுமையான மருந்தில் வந்து நிற்கிறார், அதுவும் குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும்போது.

மூலத்தையும் கொலைட்டிஸையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழி: மூலத்தில் மலம் வழக்கம்போல, பெரும்பாலும் இறுகி, போனபிறகு சொட்டாகவோ பீய்ச்சியோ சிவந்த ரத்தம் வரும். கொலைட்டிஸில் ரத்தம் மலத்தோடு கலந்திருக்கும், சளி இருக்கும், அவசரம் இருக்கும், போய்விட்டு வந்தபிறகும் இன்னும் இருக்கிறது போலவே இருக்கும். இரவில் எழுப்பினால் அது மூலம் இல்லை என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நோய் அடங்கியிருக்கும்போது கருவுற்றால், கர்ப்ப காலத்தில் அது கிளம்பும் வாய்ப்பு கர்ப்பமில்லாத காலத்தில் இருப்பது போலத்தான், சுமார் மூன்றில் ஒருவருக்கு. கொலைட்டிஸில் இது குரோன்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். நோய் கிளம்பியிருக்கும்போதே கருவுற்றால் கணக்கு வேறு. மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மட்டும் அடங்குகிறது, ஒரு பங்குக்கு அப்படியே நீடிக்கிறது, ஒரு பங்குக்கு மோசமாகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை எல்லாமே அந்தக் கிளம்பிய நோயோடு சேர்ந்து வருபவை.

இதை உறுதியாகக் காட்டியது அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய பியானோ என்ற பதிவேடு. ஐபிடி உள்ள கர்ப்பிணிகளைக் கர்ப்ப காலம் முழுவதும், பிறகு குழந்தைகளையும் பின்தொடர்ந்தார்கள். 2021இல் 1,490 கர்ப்பங்களின் முடிவு வெளிவந்தது. அசாதயோபிரின் வகை மருந்து, பயாலஜிக் ஊசி (இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஆன்டிபாடி மருந்து), இரண்டும் சேர்த்து என எதை எடுத்தவர்களிலும், எதுவும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், பிறவிக் குறைபாடோ கருச்சிதைவோ குறைப்பிரசவமோ எடைக்குறைவோ முதல் வருடத்தில் தொற்றோ கூடவில்லை. நோய் தீவிரமாக இருந்தவர்களில் கருச்சிதைவு கூடியது.

அப்படியானால் பெட்டித் தாள் ஏன் அப்படிச் சொல்கிறது? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் முன்பு மருந்துகளைக் கர்ப்பத்துக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்து போட்டுப் பிரித்திருந்தது. அசாதயோபிரினுக்குக் கிடைத்தது டி. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த சோதனைகளும், புற்றுநோய்க்கும் உறுப்பு மாற்றத்துக்கும் இந்த வகை மருந்து பயன்பட்ட காலத்து எச்சரிக்கையும் அதில் கலந்திருந்தன. ஓர் எழுத்தால் இவ்வளவு விஷயத்தைச் சொல்ல முடியாது என்று 2015இல் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை. மகப்பேறு மருத்துவர்களிலேயே சிலர் இன்னும் அந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு நிறுத்தச் சொல்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் சண்டை வேண்டாம். "என் கேஸ்ட்ரோ டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்" என்று போன் நம்பரைக் கொடுங்கள். இரண்டு மருத்துவர்கள் ஐந்து நிமிடம் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உங்கள் மருந்துகளை எடுத்துக்கொண்டால், மெசலமைனை அதே அளவில் தொடரலாம். சில கம்பெனிகளின் மெசலமைன் மாத்திரையில் மேல் பூச்சுக்கு டைபியூட்டைல் தாலேட் என்ற பொருளைச் சேர்ப்பது உண்டு. அது இல்லாத பிராண்டா என்று ஒருமுறை கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அசாதயோபிரினும் தொடரலாம். ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள் தொடர்வது வேறு, கர்ப்பத்தில் புதிதாக ஆரம்பிப்பது வேறு. புதிதாக ஆரம்பித்தால் யாருக்கு வெள்ளணு சரியும், யாருக்குக் கணையம் வீங்கும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் புதிதாகத் தொடங்குவதில்லை. அசாதயோபிரின் எடுக்கும் கர்ப்பிணிக்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் செய்ய வேண்டும். "கர்ப்பத்துல தோல் வறண்டுபோகும்" என்று விட்டுவிடக் கூடாது.

மெசலமைனுக்குப் பதில் சல்ஃபாசலசைன் சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அது உடலில் ஃபோலிக் அமிலம் சேர்வதைத் தடுக்கும். அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் இருக்கும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் போதாது, தினமும் குறைந்தது 2 மில்லிகிராம் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை என்பதால் அதையே எழுதுவார்கள். கருவுறுவதற்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும். அப்புறம், வீட்டுக்காரர் மூட்டுவலிக்கோ குடலுக்கோ சல்ஃபாசலசைன் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அது ஆணின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். ஆண் பக்கம் ஒரு மாத்திரையை மாற்றினால் முடிகிற விஷயத்துக்கு, பெண்ணை மட்டும் ஸ்கேன் ஸ்கேனாக அலையவிட்ட குடும்பங்கள் உண்டு.

இதுவரை சொன்னதை வைத்து எல்லா மருந்தும் சரிதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதோட்ரெக்சேட் கூடவே கூடாது. கருவைச் சிதைக்கும், ஊனமாக்கும். குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்தி, வேறு மருந்தில் நோய் நிலைத்திருக்கிறதா என்று பார்த்தபிறகே முயற்சி. மைக்கோஃபினோலேட், தாலிடோமைடும் அப்படியே. இப்போது நம் நாட்டில் நான் அதிகம் கவலைப்படுவது டோஃபாசிட்டினிப் பற்றி. ஊசி மருந்துகளோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு, மாத்திரை, வேகமாகக் கேட்கிறது. அதனால் கொலைட்டிஸ் உள்ள இளம்பெண்கள் நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. அது மிகச் சிறிய மூலக்கூறு, முதல் வாரங்களிலேயே நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும். மனிதக் கர்ப்பங்களில் போதிய அனுபவம் சேரவில்லை, விலங்குகளில் குறைபாடுகள் காணப்பட்டன. கருவுற நினைக்கும்போது குறைந்தது நான்கு வாரம் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். உபாடாசிட்டினிபும் அதே ரகம். ஓசானிமோட் என்றால் மூன்று மாதம். நிறுத்துவதற்கு முன் மாற்று மருந்தில் ஏறி நிற்க வேண்டும் என்பதால் உண்மையில் ஆறு மாதம் முன்னாலேயே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதும்போதே இதைச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. நாங்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகளைத் தொடரலாம். இவை ஆன்டிபாடிகள், பெரிய மூலக்கூறுகள். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடியை ஏறக்குறையத் தாண்டுவதே இல்லை. சுமார் 20 வாரத்துக்குப் பிறகுதான், தாயின் நோயெதிர்ப்பு ஆன்டிபாடிகளைக் குழந்தைக்குக் கடத்தும் அதே பாதையில் இவையும் போகின்றன. பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தத்தில் மருந்து தாயைவிடக்கூட அதிகமாக இருக்கலாம். செர்டோலிசுமாப் மட்டும் விதிவிலக்கு, அதில் அந்தப் பாதைக்கான பகுதியே இல்லை. இதனால்தான் சில வருடங்கள் முன்புவரை 24 வாரம் வாக்கில் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். அப்படி நிறுத்தியவர்களுக்குக் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் நோய் கிளம்பியது. இப்போது கர்ப்பம் முழுக்கத் தொடரச் சொல்கிறார்கள். வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் பற்றிய தரவுகளும் இதுவரை ஆறுதலாகவே இருக்கின்றன. ஒருவர் 2014இல் பிள்ளை பெற்ற அக்கா, இன்னொருவர் இப்போது பெற்ற தங்கை என்றால் இருவருக்கும் வேறு வேறு அறிவுரை கிடைத்திருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஊசி எடுத்த தாய்மார்கள் மறக்கவே கூடாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் குழந்தை பிறந்ததும், டிஸ்சார்ஜுக்கு முன்பே காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. குழந்தையின் உடலில் தாயிடமிருந்து வந்த இன்ஃப்ளிக்சிமாப் பல மாதம், சில குழந்தைகளில் ஒரு வருடம்வரைகூட இருக்கும். பிரிட்டனில், கர்ப்பம் முழுக்க இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த ஒரு தாயின் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் பிசிஜி போட, அந்தக் கிருமியே உடலெங்கும் பரவி நாலரை மாதத்தில் குழந்தை இறந்தது. 2010இல் மருத்துவ இதழில் வந்த அந்த ஒரு நிகழ்வுதான் உலகம் முழுக்க விதியை மாற்றியது. வெளிநாட்டில் பல இடங்களில் பிசிஜி வழக்கமாகப் போடுவதே இல்லை, அதனால் அங்கே எழுதப்படும் கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கு அது முதல் நாள் விஷயம். குறைந்தது ஆறு மாதம் பிசிஜியைத் தள்ள வேண்டும். போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ளதுதான், அதற்குப் பதில் ஊசியாகப் போடும் போலியோ மருந்தைக் கேளுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல் அனுமதிக்கிறது, குழந்தை மருத்துவரிடம் பேசிக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை, நேரத்துக்குப் போட்டுவிடுங்கள்.

பிரசவ வார்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு இதை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எட்டாம் மாதத்திலேயே தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், "தாய் பயாலஜிக் ஊசி எடுக்கிறார், பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு வேண்டாம்" என்று எழுதி மருத்துவரின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு வரும் அம்மாவிடமோ மாமியாரிடமோ வாயாலும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் குழந்தையை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போவது அவர்கள்தான். உங்களைப் போல மெசலமைனும் அசாதயோபிரினும் மட்டும் எடுப்பவர்களுக்குப் பொதுவாக இந்தத் தடை பொருந்தாது.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். ரத்தம் வராமல் ஒன்றரை வருடம் என்பது நல்ல அறிகுறி, ஆனால் வெளியே அமைதி, உள்ளே அழற்சி என்பது இந்த நோயில் நடக்கக்கூடியது. குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனையான ஃபீகல் கால்ப்ரோடெக்டின் பாருங்கள். அது குறைவாக இருந்தால் நல்லது. கூடியிருந்தால் சிக்மாய்டாஸ்கோபி செய்து உள்ளே பார்த்துவிடலாம். ஸ்டீராய்டு இல்லாமல் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, அதை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி பார்த்து, குறைந்ததை இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் உள்ள, அல்லது அதை வெட்டி எடுத்த குரோன்ஸ் பெண்களுக்கு பி12 மாத்திரையைவிட ஊசி நல்லது.

கர்ப்பம் ஆனபின் கால்ப்ரோடெக்டின் இன்னும் உபயோகமான பரிசோதனை. ஏனென்றால் மற்றவை குழப்பும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் கர்ப்பத்தில் தானாகவே ஏறும், ஹீமோகுளோபினும் ஆல்புமினும் தானாகவே இறங்கும். தேவைப்பட்டால் சிக்மாய்டாஸ்கோபியை எந்த மாதத்திலும், மயக்க மருந்து இல்லாமலே செய்யலாம். இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டினால் தூக்கிப் போட்டுவிட்டு இருக்க வேண்டாம், முதல் மூன்று மாதம் தாண்டியபின் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் ஏறும் சிக்கலைத் தடுக்க 12 முதல் 16 வாரத்துக்குள் சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதுவார்கள். வலி மாத்திரை கொலைட்டிஸுக்கு ஆகாதே என்று பயப்படாதீர்கள், அந்த அளவு ஆஸ்பிரின் நோயைக் கிளப்புவதில்லை. ஸ்டீராய்டு எடுக்க நேர்ந்தால் சர்க்கரையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், நம் பெண்களுக்கு ஏற்கெனவே கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம். நோய் கிளம்பி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். கர்ப்பமும் குடல் அழற்சியும் தனித்தனியே ரத்தத்தை உறைய வைப்பவை, சேர்ந்தால் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போகலாம். மலத்தில் ரத்தம் போகும்போது ஹெப்பாரினா என்று வார்டில் தயங்குவது சகஜம், ஆனாலும் போடத்தான் வேண்டும்.

கொலைட்டிஸ் என்பதற்காக சிசேரியன் தேவையில்லை. ஆசனவாயைச் சுற்றி ஆறாத புண்ணோ ஃபிஸ்டுலாவோ (பௌத்திரம்) உள்ள குரோன்ஸ் பெண்களுக்கு சிசேரியன் நல்லது, பவுச் உள்ளவர்களுக்கு அறுவை மருத்துவரோடு பேசி முடிவு செய்வார்கள். மற்றபடி மகப்பேறு காரணம் எதுவோ அதுதான்.

குழந்தைக்கு வருமா என்றால், பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் கொலைட்டிஸ் இருந்தால் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் வருகிறது. குரோன்ஸ் என்றால் நூற்றில் மூன்று பேர் வாக்கில். அம்மா, அப்பா இருவருக்கும் ஐபிடி என்றால்தான் 30 சதவீதத்தை எட்டும். இந்தக் கணக்கை வீட்டில் யாராவது ஜாதகம்போல விரித்துப் பேசினால் காட்டுங்கள்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் கவனம் குறைகிறது. குழந்தைதான் கண்ணுக்குத் தெரியும், மாத்திரை மறக்கும், "பால் கொடுக்கிறவ இதெல்லாம் சாப்பிடக் கூடாது" என்று இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும். மெசலமைன், அசாதயோபிரின், பயாலஜிக் ஊசி, சாதாரண அளவு ஸ்டீராய்டு எதுவும் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. அசாதயோபிரின் பாலில் போவது மிகமிகக் குறைவு, அதுவும் சாப்பிட்ட முதல் நாலு மணி நேரத்தில்தான். மனசு கேட்கவில்லை என்றால் இரவு கடைசிப் பால் கொடுத்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். மெதோட்ரெக்சேட், டோஃபாசிட்டினிப் எடுத்துக்கொண்டு பால் கொடுக்கக் கூடாது.

சிசேரியன் ஆனவர்களுக்கு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது இங்கே வழக்கம். கொலைட்டிஸைக் கிளப்பிவிடக்கூடிய மருந்து அது. பாராசிட்டமாலை முதலில் வைத்து, போதவில்லை என்றால் வேறு என்ன என்று மயக்க மருத்துவரிடம் முன்பே பேசி வையுங்கள். வீட்டுப் பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, பாலில் வெந்த பூண்டு, லேகியம் எல்லாம் வரிசையாக வரும். பூண்டு உங்களுக்கு முன்பே ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். வெந்தயத்தை மட்டும் மருந்தளவில் வேண்டாம் என்பேன். பால் ஊறுவதற்காகக் களியாகவும் ஊறவைத்தும் நிறையச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும், அது நோய் கிளம்பியதா வெந்தயமா என்று யாராலும் சொல்ல முடியாது. தாளிப்பில் விழும் நாலு வெந்தயத்தால் ஒன்றும் ஆகாது. வயிற்றைச் சுத்தம் செய்ய விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால், அதை அன்பாகவும் உறுதியாகவும் மறுத்துவிடுங்கள்.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்றால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைவிட காப்பர் டி நல்லது. ஈஸ்ட்ரோஜன் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டும். குடல் மோசமாக இருக்கும் நாட்களில் மாத்திரை சரியாக உள்ளே சேரும் என்ற நிச்சயமும் இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாமலே போகலாம். பிரசவம் ஆன கையோடு காப்பர் டி போட்டுவிடும் வசதி அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறது, வேண்டுமென்றால் பிரசவத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிடலாம்.